அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

காயிதே மில்லத் என்னும் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இராது. அன்னாரின் எளிமையைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம்; மேடைகளில் கேட்டும் இருக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் நிக்காஹ் நடப்பதும், மஹர் பேசப்படுவதும், மரித்தவர் விட்டுச் சென்ற சொத்து பங்கிடப்படுவதும் எந்தச் சட்டத்தின் நிழலில் நடைபெறுகின்றன, அந்த உரிமைக்காக அவர் டில்லியில் என்ன வாதாடினார், அதற்கு என்ன மறுமொழி கிடைத்தது என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அதனையே இம்மாதம் சற்று விரிவாக எழுத நாடுகிறோம்.

சங்கரன்கோவிலிலிருந்து வன்னிக்கோனேந்தல், தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனால், டவுனை அடுத்து இருப்பது பேட்டை. அங்கேதான் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி முஹம்மது இஸ்மாயீல் பிறந்தார். சங்கரன்கோவில் இன்று தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தானே! ஆகவே அவரை நம் மாவட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக் கொள்ள நமக்கும் பாத்தியதை உண்டு.

தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர் ஜவுளி வியாபாரி. மார்க்கம் கற்ற ஆலிம். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே அவர் வபாத்தாகி விட்டார். குர்ஆனையும் அரபியையும் தாயாரே சொல்லிக் கொடுத்தார். ஒரு சமுதாயத்தின் தலைவரை உருவாக்கிய முதல் மதரஸா ஒரு விதவைத் தாயின் வீட்டு முற்றம்தான் என்பதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். பிறகு திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி, திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரி, சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. பிற மதத்தார் நடத்திய கல்விச்சாலைகளில் பயின்ற அவர் தொழுகையையும் விடவில்லை, பிற மதத்தாரின் மீது வெறுப்பையும் வளர்த்துக் கொள்ளவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனாக 1909ல் பேட்டையில் முஸ்லிம் இளைஞர்களுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 1918ல் உலமாக்களை ஒன்று சேர்த்து மஜ்லிஸுல் உலமாவை அமைப்பதில் ஈடுபட்டார். 1920ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது பி.ஏ. பரீட்சையைத் துறந்தார். அதன்பின் சென்னையில் தோல் வணிகம், வணிகர் சங்கங்கள், முஸ்லிம் லீக் என்று அவர் வாழ்க்கை விரிந்தது. 1946 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 28 முஸ்லிம் தொகுதிகளையும் லீக் வென்றது. இஸ்மாயீல் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. அந்த நாட்களின் இருளை இன்றைய இளைஞர்கள் உணர்வது கடினம். லீகின் பெரிய தலைவர்களில் பலர் எல்லை கடந்து போய்விட்டார்கள். இங்கே இருந்தவர்களிலும் பலர் கட்சியைக் கலைத்து விடுவதே நல்லது, முஸ்லிம்கள் தனியாகக் குரல் எழுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணினார்கள். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய பழைய லீகின் கவுன்சில் தன்னை இரண்டாகப் பிரித்துக் கொண்டபோது, இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இஸ்மாயீல் சாகிபைத்தான் நியமித்தது. அவர் 1948 மார்ச் 10ஆம் தேதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூட்டத்தைக் கூட்டினார். மகாத்மா காந்தி சுடப்பட்டு நாற்பது நாட்களே ஆகியிருந்தன. கலைப்பதா, தொடர்வதா என்ற அந்தக் கூட்டத்தில்தான் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இறுதி மூச்சு வரை அதன் தலைவர் அவரே.

அக்கட்சியின் அரசியலைப் பற்றி வாசகர்களுக்குள் பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். நாம் அதற்குள் புகவில்லை. நமக்கு வேண்டியது அதே ஆண்டின் இறுதியில் டில்லியில் நடந்தது.

சிவில் உரிமைகளுக்கென்று இந்நாட்டில் சங்கம் இல்லாமல் இல்லை. 1936லேயே ஜவாஹர்லால் நேருவின் முயற்சியால் இந்திய சிவில் உரிமைச் சங்கம் அமைந்தது. மகாகவி தாகூர் அதன் தலைவர், சரோஜினி நாயுடு செயற்குழுவுக்குத் தலைமை தாங்கினார். வெள்ளைக்கார சர்க்கார் பத்திரிகைகளை முடக்கியபோதும், விசாரணையின்றி மக்களைச் சிறையிலிட்டபோதும் அது குரல் கொடுத்தது. ஆனால் சுதந்திரம் வந்ததும் அதனை நடத்தியவர்களே ஆட்சி பீடத்தில் அமர்ந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், ஜெயப்பிரகாஷ் நாராயண் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தைத் தொடங்கும் வரை நாடு தழுவிய பெரிய அமைப்பு எதுவும் எழவில்லை. இடைப்பட்ட 1948ல், ஒரு சிறிய சமுதாயம் தன் உரிமையைச் சட்டத்தில் எழுதி வாங்க வேண்டுமானால் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

1948 நவம்பர் 23ஆம் தேதி நகல் அரசியல் சட்டத்தின் 35ஆவது விதி சபை முன் வந்தது. நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டு வர அரசு முயல வேண்டும் என்பது அந்த விதி. இன்று அதுவே 44ஆவது விதியாக இருக்கிறது. இஸ்மாயீல் சாகிப் அதற்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கும்படி திருத்தம் கொண்டு வந்தார். தனக்கென்று தனிச் சட்டம் உள்ள எந்தக் குழுவும், எந்தப் பிரிவும், எந்தச் சமூகமும் அச்சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதே அதன் சாரம்.

வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். அத்திருத்தத்தில் முஸ்லிம் என்ற சொல்லே கிடையாது. தன் சமுதாயத்துக்கு மட்டும் சலுகை கேட்டு அவர் நிற்கவில்லை. தனிச் சட்டம் உடைய எவருக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று பொது உரிமையாகவே கேட்டார். சலுகையாகக் கேட்பதற்கும் உரிமையாகக் கேட்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. சலுகையைக் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். எல்லோருக்கும் பொதுவான உரிமையை அப்படி எடுத்துவிட முடியாது. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் செய்த உடன்படிக்கையில் யூதர்களுக்கு அவர்களின் மார்க்கம் அவர்களுக்கே என்று விடப்பட்டதை ஓதியறிந்த ஓர் ஆலிமின் மகன் வேறு எப்படிக் கேட்டிருப்பார்?

அவர் வாதம் உணர்ச்சிப் பேச்சாக இல்லை. தனிச் சட்டம் என்பது அதைப் பின்பற்றுவோரின் மதத்தின் ஒரு பகுதி, அவர்தம் பண்பாட்டின் ஒரு பகுதி என்றார்; அதில் கை வைப்பது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த வாழ்க்கை முறையிலேயே கை வைப்பதாகும் என்றார். இது புதுமையான கோரிக்கையல்ல என்பதற்கு ஐரோப்பாவிலிருந்தே சான்று காட்டினார். பின்னர் யூகோஸ்லாவியா என்று பெயர் பெற்ற செர்பியர், குரோவாசியர், ஸ்லோவீனியர் ராஜ்யம், தன் முஸ்லிம் குடிகளின் குடும்பச் சட்டத்தைக் காப்பதாக உடன்படிக்கையில் ஏற்றுக் கொண்டிருந்ததை எடுத்துரைத்தார். பேட்டைக்காரர் ஒருவர் பால்கன் நாட்டு உடன்படிக்கையைத் தேடிப் படித்து வந்து சபையில் வைத்தார் என்றால், எவ்வளவு தயாரிப்போடு அவர் டில்லிக்குப் போயிருக்கிறார் என்பது விளங்கும்.

அவர் தனியாகவும் இல்லை. நம் மாகாணத்து போக்கர் சாகிபும் மஹ்பூப் அலி பேக் சாகிபும், வங்காளத்து நஸீருத்தீன் அஹ்மதும் தத்தம் திருத்தங்களோடு நின்றார்கள். பீஹாரின் ஹுஸைன் இமாம், அஸ்ஸாமில் நானூறு அங்குல மழையும் ராஜபுதனப் பாலைவனத்தில் வறட்சியும் உள்ள இவ்வளவு பெரிய தேசத்தில் எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது எப்படி என்று கேட்டார். எதிர்ப்பக்கத்தில் கே.எம். முன்ஷியும் நம் சென்னையின் பெரும் வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் பேசினார்கள். முடிவாக டாக்டர் அம்பேத்கர் எழுந்தார்.

நம் பத்திரிகைகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவது வழக்கம். நாம் தாண்டப் போவதில்லை. ஷரீஅத் சட்டம் இந்தியா முழுவதும் மாறாமல் இருந்து வந்தது என்ற கூற்றை டாக்டர் அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. வடமேற்கு எல்லை மாகாணத்து முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமையில் ஹிந்துச் சட்டத்தையே பின்பற்றி வந்ததை எடுத்துக் காட்டினார். ஐக்கிய மாகாணம், மத்திய மாகாணம், பம்பாய் ஆகிய இடங்களிலும் 1937 வரை பெருமளவுக்கு அதே நிலைதான் என்றார். வட மலபாரில் முஸ்லிம்களும் மருமக்கத்தாய முறையில் வாழ்ந்ததை நினைவூட்டினார். நீங்களே கைவிட்டிருந்த சட்டத்தை மாற்றவொண்ணாதது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதே அவர் கேள்வியின் கருத்து.

இந்தக் கேள்விக்குச் சபையில் பதில் சொல்லும் கடமை இஸ்மாயீல் சாகிபுக்கு இருந்தது. ஆனால் அக்கேள்வியை உண்டாக்கியவர் அவரல்ல. சொத்து வரும்போது ஊர் வழக்கத்தைப் பிடித்துக் கொண்டு, பெண் மக்களுக்கு அல்லாஹ் விதித்த பங்கை மறுத்து வந்த நம் முன்னோர்கள்தாம் அந்த ஆயுதத்தை எதிர்த்தரப்பின் கையில் கொடுத்தார்கள்.

திருத்தங்கள் யாவும் தோற்றன. ஆனாலும் டாக்டர் அம்பேத்கர் ஒரு வாக்கைச் சபையில் பதிவு செய்தார். பின்னால் வரும் பாராளுமன்றம் பொதுச் சட்டத்தைத் தொடக்கத்தில் முற்றிலும் விருப்பத்தைச் சார்ந்ததாகச் செய்யலாம், தாம் அதற்குக் கட்டுப்படத் தயார் என்று எழுதிக் கொடுப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும்படி விதிக்கலாம் என்றார். சட்டத்தின் வாசகத்தில் அது ஏறவில்லை. சபைக் குறிப்பில் ஏறியது. அந்தத் திருத்தங்கள் வந்திராவிட்டால் அப்படியொரு விளக்கமும் வந்திராது. உத்தரகண்ட் மாநிலம் 2024ல் நிறைவேற்றிய பொது சிவில் சட்டம் 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. மற்றவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1948ன் அந்த வாக்கை எடுத்துக் காட்ட வேண்டிய காலம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒருமுறை தோற்றதும் இஸ்மாயீல் சாகிப் உட்கார்ந்து விடவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் பேச்சு, கூட்டம், தொழில் முதலிய சுதந்திரங்களைப் பற்றிய விதி வந்தபோது, அந்தச் சுதந்திரங்களின் வரிசையிலேயே தனிச் சட்டத்தைப் பின்பற்றும் உரிமையையும் சேர்க்கச் சொன்னார். அதற்கு 2ஆம் தேதி பதில் கூறிய டாக்டர் அம்பேத்கர், மதம் என்பதன் எல்லை இந்நாட்டில் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் அளாவி நிற்கிறது, அதனைச் சுருக்கியே பார்க்க வேண்டும் என்றார். அடுத்து மதச் சுதந்திர விதி வந்தது. இன்றைய 25ஆவது விதி அது. அங்கேயும் அதே கோரிக்கையை வேறு சொற்களில் வைத்தார். அதுவும் தோற்றது.

அந்த விதியின் மீது நடந்த வாதம் சுவையானது. பீஹாரைச் சேர்ந்த தஜம்முல் ஹுஸைன் என்ற முஸ்லிம் உறுப்பினரே, மதத்தை ஒருவர் தனிமையில் அனுஷ்டித்துக் கொள்ளட்டும், பிரசாரம் செய்யும் உரிமை வேண்டாம் என்றார். உடையாலோ பெயராலோ ஒருவரின் மதம் தெரியலாகாது என்றுகூடத் திருத்தம் கொடுத்தார். அதே சபையில் நம் தமிழ்நாட்டு எல். கிருஷ்ணசாமி பாரதியும் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் பிரசார உரிமை இருக்கட்டும் என்று வாதாடினார்கள். உரிமைக்கு எதிராகப் பேசியவர் நம்மவர், ஆதரவாகப் பேசியவர்கள் ஹிந்துக்கள்! மதச் சுதந்திரத்தின் நண்பர்களைப் பெயரைப் பார்த்து எண்ணக் கூடாது.

பிரசாரம் என்ற அந்தச் சொல் நிலைத்தது. அதன் அருமை நம் பக்கத்திலேயே பின்னர் தெரிந்தது. 1981 பிப்ரவரியில் செங்கோட்டை அருகே மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்துக் குடும்பங்கள் பல இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. மதமாற்றத் தடைச் சட்டம் வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. தமிழகத்தில் 2002ல் அப்படியொரு சட்டம் வந்தது. 2004ல் விலக்கிக் கொள்ளப்பட்டது.

1949 மேயில் தனித் தொகுதி, இட ஒதுக்கீடு பற்றிய விவாதத்திலும் அவர் நின்று தோற்றார். அதில் அவர் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது இன்றும் வாதத்துக்குரியது. நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, தொன்மைதான் அளவென்றால் அந்தத் தகுதி தமிழுக்கும் அதன் இன மொழிகளுக்குமே உண்டு என்று எடுத்துரைத்தார்.

எத்தனை தோல்விகள்! ஆயினும் அவர் சபையை விட்டு வெளியேறவில்லை. அந்த அரசியல் சட்டத்தை அன்னியமாகக் கருதவும் இல்லை. எழுதப்பட்ட சட்டத்துக்குள் நின்று வாதாடுவதையே வாழ்நாள் வழக்கமாக்கிக் கொண்டார். 1952 முதல் 1958 வரை ராஜ்ய சபை. பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து லோக் சபை.

சபையில் கிடைக்காத ஒன்று சில காலம் கழித்துக் கோர்ட்டில் கிடைத்தது. அதை வாங்கித் தந்தவர் ஒரு ஹிந்து மடாதிபதி. ஆடித்தபசுக்குச் சங்கரநாராயணர் கோயிலில் திரளும் கூட்டத்தை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தக் கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பதும் நமக்குத் தெரியும். அத்துறைக்கான சென்னைச் சட்டம் 1951ல் வந்தபோது, அன்று சென்னை ராஜ்யத்தில் இருந்த உடுப்பியின் சிரூர் மடத்துத் தலைவர் வழக்காடினார். 1954ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நம்பிக்கை மட்டுமல்ல, நம்பிக்கையிலிருந்து பிறக்கும் செயல்களும் மதத்தில் அடங்கும். எது இன்றியமையாத செயல் என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாட்டைக் கொண்டே அறிய வேண்டும் என்று அது கூறியது. இஸ்மாயீல் சாகிப் சொல்லி வந்த கருத்துக்கு இது மிக அண்மையில் வருகிறது.

ஆனால் 1958ல் பீஹார் கசாப்புக் கடைக்காரர்களின் வழக்கில், அதே கோர்ட் ஹிதாயாவை எடுத்துப் பார்த்து, குர்பானிக்குப் பசுவே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தானே முடிவு செய்தது. 1986ல் கேரளத்தில் யெஹோவா சாட்சிகள் என்னும் மிகச் சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. ஒரு பிரிவார் வழக்காடி வாங்கிய உரிமை எல்லோருக்கும் உதவுகிறது. ஒருவருக்கு மறுக்கப்பட்டது எல்லோரையும் தாக்குகிறது. எந்தக் குழுவும், எந்தப் பிரிவும், எந்தச் சமூகமும் என்று அவர் எழுதிய திருத்தத்தின் தொலைநோக்கு இதில் தெரிகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் நிக்காஹ், தலாக், குல்உ, மஹர், ஜீவனாம்சம், ஹிபா, வாரிசுரிமை முதலியவற்றில் ஊர் வழக்கத்தை ஒதுக்கி, ஷரீஅத்தையே முஸ்லிம்களுக்குச் சட்டமாக்கியது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது. சென்னை மாகாணம் 1949ல் ஒரு திருத்தச் சட்டத்தின் மூலம் அந்த ஓட்டையை அடைத்தது. இஸ்மாயீல் சாகிப் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்த சட்டசபையின் காலம் அது. ஆகவே நம் பக்கத்தில் நஞ்சையாயினும் புஞ்சையாயினும், கிணற்றுத் தோட்டமாயினும், அதில் மகளுக்குள்ள பங்கு ஷரீஅத்தின்படியும் பங்கு, சர்க்கார் சட்டத்தின்படியும் பங்கு.

நடப்பது என்ன? நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி அவளுக்கு நிலத்தில் என்ன என்று கேட்கும் அண்ணன் தம்பிகள் நம்மில் இல்லையா? தகப்பனார் மரித்த நாற்பது நாளுக்குள் அக்கா தங்கைகளைப் பதிவு ஆபீசுக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகள் இல்லையா? அவளும் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் போட்டுக் கொடுத்து விடுகிறாள். அதே வீட்டார் ஷரீஅத்தைக் காப்போம் என்ற கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். 1948ல் டாக்டர் அம்பேத்கர் கேட்ட கேள்விக்கு இந்த விடுதலைப் பத்திரங்கள் ஒவ்வொன்றும் சாட்சி சொல்லும். மஹல்லா ஜமாஅத்துகள் நிக்காஹ் தஃப்தரைப் பேணுவது போல, பாகப் பிரிவினையிலும் பெண் மக்களின் பங்கை ஆலிம்களைக் கொண்டு கணக்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றால் என்ன? மனமுவந்து விட்டுக் கொடுப்பவள், தன் பங்கு கைக்கு வந்த பிறகு விட்டுக் கொடுக்கட்டுமே!

காயிதே மில்லத் அவர்கள் 1972 ஏப்ரல் 5ஆம் தேதி சென்னையில் வபாத்தானார்கள். பதவியிலிருந்த காலத்திலும் குரோம்பேட்டை வீட்டில் எளிமையாகவே வாழ்ந்தவர். தமக்கென்று செல்வம் சேர்க்கவில்லை. பின்னாளில் சென்னையில் அரசினர் மகளிர் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. நாகப்பட்டினம் மாவட்டமும் 1997 வரை அவர் பெயரோடு வழங்கிற்று. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சென்னைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு வக்துத் தொழுதுவிட்டு அவருக்காக துஆச் செய்து வரலாம். அல்லாஹ் அன்னாரின் கப்றை விசாலமாக்கி ஒளிபெறச் செய்வானாக! ஆமீன்.